ஓஸ்வால்ட் காலி செய்த மூலை

ஒரு சனிக்கிழமை காலை, இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே ஓஸ்வால்ட் தன் குடும்பத்துக்கு ஒரு பிரகடனம் செய்தான்.

"இன்னையோட இந்த வீட்ல பேபி பீரியட் முடிஞ்சது."

மனைவி டோரீன் சட்னிக் கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஆறு வயது எரிக் நிமிரவில்லை. முடிந்துபோனது தன்னுடைய பீரியட்தான் என்று தெரியாத மூன்றரை வயது லவினா, தண்ணீர் டம்ளருக்குள் இட்லியை நீச்சல் விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜூன்ல லவினா ஸ்கூலுக்குப் போறா. இனிமே டயப்பர் கிடையாது, பாட்டில் கிடையாது. அப்புறம் அந்த மூலை எதுக்கு அப்படியே கிடக்கணும்?"

ஆஸ்டின் டவுனில் அவர்கள் வாடகைக்கு இருந்த இரண்டாவது மாடி வீட்டில், ஹாலை ஒட்டிய பால்கனிப் பக்கத்து மூலைதான் அந்த மூலை. வீட்டிலேயே வெளிச்சமும் காற்றும் வரும் ஒரே இடம். அங்கே ஒரு மரத் தொட்டில், அதற்குள் ஒரு வாக்கர், அதன் தலைமேல் வாத்து வடிவத்தில் ஒரு மஞ்சள் குளியல் டப் என்று வருஷக்கணக்கில் ஆக்கிரமிப்பு. ஓஸ்வால்டுக்கு அந்த இடத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட வேண்டும். சாதாரண நாற்காலி இல்லை. பிடியை இழுத்தால் கால் தானாக மேலே வருகிற நாற்காலி. கடைக்குப் போய் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். நாற்பத்தொன்றாவது நிமிஷம் கடைக்காரர் வந்து எழுப்பிவிட்டார்.

"யாருக்குக் கொடுக்கப் போறீங்க?" என்றாள் டோரீன்.

"கொடுத்தாச்சு. கீழ் வீட்டு மஞ்சுநாத்துக்கு. அவன் வொய்ஃபுக்கு இது ஏழாம் மாசம். வியாழக்கிழமை படிக்கட்டுல பார்த்துச் சொல்லிட்டேன். இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு வர்றான்."

சொல்லிவிட்டுப் போருக்குத் தயாரானான். பல் உடைந்த சீப்பைக்கூடத் தூக்கிப் போட மனசு வராதவள் டோரீன். அவளை மடக்க ஐந்து பாயிண்ட் தயார் செய்து, எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி கேபில் மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தான். நேற்று மேம்பாலத்தில் போகும்போது டிரைவர் திரும்பிப் பார்த்து, "நீங்க சொல்றதுதான் சார் ரைட்டு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"நல்ல ஐடியா" என்றாள் டோரீன்.

ஐந்து பாயிண்ட்டும் வீண்.

"ஆனா ஒண்ணுங்க. கொடுக்கறதைச் சுத்தமாக் கொடுத்துடுங்க."

"சுத்தமாத்தான் கொடுக்கப் போறேன். ஒண்ணு விடாம."

"நான் சொன்னது சோப்புப் போட்டு. இவ்வளவு அழுக்கோட கொடுத்தா உங்களையா சொல்லுவாங்க? டீச்சர் வீட்டு லட்சணத்தைப் பாருன்னு என்னைத்தான் சொல்லுவாங்க."

நியாயம்தானே? ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான் ஓஸ்வால்ட். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவன் அப்படி நினைத்த நாட்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடிந்திருக்கின்றன. அது அவனுக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

மொட்டை மாடிக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியவன் ஓஸ்வால்ட். போனவர்கள் எல்லோரும். மே மாசத்து வெயில் பத்து மணிக்கே சுள்ளென்று இருந்தது. டோரீன் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பீன்ஸ் நார் உரிக்க ஆரம்பித்தாள்.

முதலில் வாக்கர். பிரஷ்ஷால் இரண்டு தேய் தேய்த்தவன் நின்றான்.

"டோரீன், இங்க பாரு. ஓரத்துல நாலு புள்ளி வரிசையா இருக்கு. எலி கடிச்சிருக்கு."

"எலி இல்ல. எரிக்."

"எரிக்கா?"

"முதல் பல்லு நாலும் வந்தப்ப. அடுகோடி வீட்ல. மறந்துட்டீங்களா?"

எப்படி மறக்கும்? அடுகோடியில் அவர்கள் முதலில் இருந்த வீடு, ஒரு லேத் பட்டறைக்கு மேலே. கட்டின மேஸ்திரி சமமட்டம் பார்க்கவே இல்லை. ஹாலில் ஒரு கோலிக்குண்டு வைத்தால் சமையலறைக்கு உருண்டு போகும். வாக்கரில் எரிக்கை உட்கார வைத்தால் அவனும் உருண்டு போவான். கால் அசைக்காமலே, ஒரு மந்திரி காரில் போகிற மாதிரி கையாட்டிக்கொண்டே போய் கேஸ் சிலிண்டரில் இடித்து நிற்பான். ஓஸ்வால்ட் ஓடிப்போய் மேலே தள்ளிக்கொண்டு வருவான். மறுபடி உருளுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி எண்பது தடவை. எண்பத்தொன்றாவது தடவை சக்கரம் அப்பாவின் கால் கட்டைவிரல் மேல் ஏறி, நகம் போயே போய்விட்டது.

"அந்த நகம் முளைக்க அஞ்சு மாசம் ஆச்சு" என்றான் ஓஸ்வால்ட். வலியைச் சொல்கிறவன் முகத்தில் இருக்க வேண்டிய எதுவும் அவன் முகத்தில் இல்லை. "சிலிண்டர்ல இடிச்சதும் எப்படிச் சிரிப்பான் பாரு!"

"டாடி, நானா?" என்றான் எரிக்.

"நீதான்டா."

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் எரிக் வாக்கருக்குள் இறங்கிவிட்டான். இறங்கியது சுலபமாக இருந்தது. ஏறத்தான் முடியவில்லை. தொடையில் சிக்கிக்கொண்டது. ஓஸ்வால்ட் மேலே இழுத்தான். வாக்கரும் சேர்ந்து வந்தது. கீழே அழுத்தினான். எரிக்கும் சேர்ந்து போனான்.

"சோப்புத் தண்ணி ஊத்துங்க" என்றாள் டோரீன், பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஊற்றினான். மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தான் மகன். அப்பா சோப்புத் தண்ணீரில் சறுக்கி உட்கார்ந்தார்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே வாக்கரைப் பார்த்தான் ஓஸ்வால்ட். பிறகு மெதுவாகச் சொன்னான். "டோரீன், இந்த வாக்கர் மட்டும் வேணாம்னு பார்க்கறேன். பல் தழும்பு இருக்கே. அடுத்தவங்களுக்குக் கொடுத்தா நல்லா இருக்காது."

"உங்க இஷ்டம். மத்ததைத் தேய்ங்க."

அடுத்தது டப். அதை எடுக்கப் போனால், உள்ளே லவினா உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"இறங்கு கண்ணு. டாடி கழுவணும்."

"கழுவுங்க."

"நீ உள்ள இருந்தா எப்படிக் கழுவறது?"

"என்னையும் கழுவுங்க."

கழுவினான். வேறு வழி? தண்ணீர் தலையில் விழுந்ததும் அவள் கத்திய கத்தலில் அந்தக் குளியல் காலம் முழுசும் திரும்பி வந்தது. ஊரே அடைந்துகிடந்த நாட்கள். எரிக்குக்கு ஒரு வயசு. டோரீன் படுக்கையறையில் ஆன்லைனில் வகுப்பு எடுக்க, ஓஸ்வால்ட் சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடி மீட்டிங், தரையில் டப்பை வைத்துக் குளியல். மேலே ஆபீஸ் சட்டை. கீழே துண்டு.

"தேசிகன் சார் மீட்டிங் ஞாபகம் இருக்கா?" என்று டோரீனே எடுத்துக் கொடுத்தாள்.

"அதை ஏன் இப்ப?"

"டாடி, சொல்லுங்க டாடி" என்றான் எரிக்.

"அது ஒண்ணுமில்லடா. மேனேஜர் தேசிகன் சார் சீரியஸா பேசிட்டிருந்தார். நீ டப்புல இருந்து துண்டைப் பிடிச்சு இழுத்துட்டே."

"அப்புறம்?"

"டாடி குனிஞ்சு துண்டை எடுக்கறதுக்குப் பதிலா எந்திரிச்சுட்டார்" என்று முடித்து வைத்தாள் டோரீன். "இருபத்திமூணு பேர் பார்த்தாங்க."

மொட்டை மாடியில் நான்கு பேரும் சிரித்தார்கள். ஓஸ்வால்டுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். துடைத்த பிறகும் கொஞ்சம் வந்தது. மூன்றாவது தடவை துடைத்தபோது அது சிரிப்புத் தண்ணீர்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. ஒரு கையால் இடுப்பைச் சுற்றிப் பிடித்தால் மறு கைக்கு வேலை இல்லாத அளவுக்கு இருந்த பிள்ளை, இப்போது துண்டுக் கதைக்குத் தரையில் உருண்டு சிரிக்கிறான். நடுவில் இருந்த நாளெல்லாம் எந்த கேபில் போயின?

"இந்த டப்பும் வேணாம் டோரீன். இது நம்ம மானம் போன டப்பு. ஒருத்தர் வீட்டுக்கு இதைக் கொடுக்கறது நல்ல சகுனமில்ல."

"நீங்க எப்பலிருந்து சகுனம் பார்க்க ஆரம்பிச்சீங்க?"

"இப்பலிருந்து."

"சரி, தொட்டிலையாவது தேய்ங்க. பன்னெண்டு ஆகப் போகுது."

தொட்டிலை ஸ்டாண்டில் மாட்டி ஒரு ஆட்டு ஆட்டினான். *கீச்* என்றது.

ஓஸ்வால்ட் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டான்.

லவினா பிறந்து மூன்றாவது மாசம், தொட்டில் கொக்கி கீச்சிடுகிறதே என்று ஒரு மத்தியானம் அவன் எண்ணெய் விட்டான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். அன்றோடு லவினாவின் தூக்கம் போயிற்று. அந்தக் கீச் இல்லாமல் அவள் கண்ணை மூட மாட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஓஸ்வால்டே வாயால் கீச் கீச் என்று கத்திக்கொண்டு தொட்டிலை ஆட்டினான். ஒன்பது நாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, கிளி வளர்க்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் கொக்கியைக் கழற்றி உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, துருவேற்றி மறுபடி மாட்டினான். கீச் வந்தது. தூக்கமும் வந்தது. முதலில் தூங்கியது லவினா இல்லை, ஓஸ்வால்ட்.

*கீச்*. மறுபடி ஆட்டினான். *கீச்*.

"என்னங்க, எண்ணெய் விட்டுக் கொடுத்துடலாமா?" என்றாள் டோரீன்.

"தொடாதே!"

அவன் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டு எரிக் இரண்டு அடி பின்னால் போனான்.

"டோரீன், இதெல்லாம் கொடுக்க வேணாம். ஒண்ணையும் கொடுக்க வேணாம்."

"அதெப்படிங்க? நீங்கதானே வாக்குக் கொடுத்தீங்க. பாவம், அவங்க நம்பிட்டு இருப்பாங்க. பேபி பீரியட் முடிஞ்சதுன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

"தெரியாமச் சொல்லிட்டேன். முடிஞ்சதுன்னு சொன்னப்ப நல்லா இருந்தது. இப்ப நெஜமாவே முடிஞ்சிடுச்சேன்னு நினைச்சா ஒரு மாதிரி இருக்கு." ஓஸ்வால்ட் தொட்டிலின் விளிம்பைத் தடவினான். "அந்த நாளெல்லாம் இன்னொரு தடவை வராதா?"

"வந்தா?"

"வந்தா என்ன? தலைமேல தூக்கி வச்சுக்குவேன்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"எரிக், டாடி சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மம்மி."

"லவினா?"

"தலைமேல" என்றாள் லவினா.

சாட்சி எதற்கு என்று ஓஸ்வால்ட் யோசிக்கவில்லை. அவன் கவலை வேறு. மணி பன்னிரண்டு. மஞ்சுநாத்திடம் என்ன சொல்வது? மரத்தில் பூச்சி என்று சொல்லலாம். வாத்துக்கு ஓட்டை என்று சொல்லலாம். அவன் பொய்களை வரிசைப்படுத்தி முடிப்பதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மஞ்சுநாத் ஏறி வந்தான். ஆள் துணை இல்லை, கயிறு இல்லை. கையில் ஒரு மைசூர்பாக் பெட்டி மட்டும்.

"பன்னி மஞ்சுநாத், பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்றான் ஓஸ்வால்ட். "ஒரு விஷயம். அந்தத் தொட்டில்ல பார்த்தா, பூச்சி…"

"அய்யோ, பேடா அண்ணா, வேணாம்!" என்று கையை ஆட்டினான் மஞ்சுநாத். "தொட்டில், டப்பு எல்லாம் நாங்க போன வாரமே வாங்கியாச்சு."

"அப்ப வியாழக்கிழமை நான் சொன்னதுக்கு, ஆய்த்து அண்ணா, சரின்னு தலையாட்டினியே?"

"நீங்க அப்படிச் சொன்னதுமே, அக்கா இன்னும் உங்ககிட்ட சொல்லலேன்னு தெரிஞ்சுபோச்சு. நான் எதுக்கு நடுவுல சொல்லணும்? அதான் ஆய்த்துன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்." பெட்டியை நீட்டினான். "இப்ப சொல்லியாச்சு இல்லையா?"

ஓஸ்வால்ட் மஞ்சுநாத்தைப் பார்த்தான். மஞ்சுநாத் டோரீனைப் பார்த்தான். டோரீன் பீன்ஸைப் பார்த்தாள்.

"என்ன சொல்லல?"

மஞ்சுநாத்தின் முகம் மாறியது. "போன சனிக்கிழமை ஸ்கேனுக்குப் போனப்ப கிளினிக்ல அக்காவைப் பார்த்தோம்… சரி அண்ணா, கீழ குக்கர் வச்சிருக்கேன்." பெட்டியை லவினா கையில் திணித்துவிட்டு, வந்ததைவிட இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கிப் போனான்.

"பல்லுக்குப் போறேன்னு சொன்னே?" என்றான் ஓஸ்வால்ட்.

"கிளினிக் போறேன்னுதான் சொன்னேன். பல்லுன்னு நீங்களே நினைச்சுக்கிட்டீங்க." டோரீன் பீன்ஸ் தட்டைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது. "மூணு மாசம். நவம்பர்ல. எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமாத் தவிச்சேன். காலையில நீங்க முடிஞ்சதுன்னு மார்தட்டிட்டு நிக்கறீங்க. அந்த நேரம் சொல்ல முடியுமா? அதான், முதல்ல கொஞ்சம் தேய்க்கட்டும்னு விட்டேன்."

ஓஸ்வால்ட் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் அவள் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தான். சோப்பு இன்னும் காயாத கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பயந்துட்டியா?"

"கொஞ்சம்."

"சாட்சியெல்லாம் வச்சு வாங்கியிருக்கே. இனிமே நான் பேச என்ன இருக்கு?" சிரித்தான். அப்புறம், இழந்த கம்பீரத்தில் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தான். "நல்லவேளை, நான்தான் முன்யோசனையா எதையும் கொடுக்க வேணாம்னு நிறுத்தினேன். தொட்டில் ரெடி. இனி ஒரு கவலையும் இல்ல."

"முன்யோசனைதாங்க" என்றாள் டோரீன். "அப்படியே கீழ போய், மஞ்சுநாத் அவங்க தொட்டிலை எந்தக் கடையில வாங்கினார்னு கேட்டுட்டு வந்துடுங்க. ஸ்கேன்ல ரெண்டு தெரியுதாம்."