கிளார்க் இறங்கிப் பார்த்த குளம்

அன்பிற்குரிய இல்லத்தரசிக்கு,

இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் மாற்றுக் கருத்து வைத்திருக்கிறது. ஒரு மாதம் பேத்தியைப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று மகள் வீட்டுக்குப் போனாய். இப்போது பேத்தி நடக்கிறாளாம். சந்தோஷம்.

நீ போன பிறகு, நம் கொல்லைக்குப் பின்னால் இருக்கிற குளத்தை மனை போட்டு விற்க, லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டித் தூர்க்க ஆரம்பித்தார்கள். பத்தே நாளில் நம் கிணறு கலங்கிப்போயிற்று. முப்பது வருஷம் பள்ளிக்கூட லேபில் குடுவை கழுவியவன் சும்மா இருப்பேனா, தினம் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, தேதி ஒட்டி, சமையலறை அலமாரியில் அடுக்கி வைத்து (உன் டப்பாக்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, வந்து திட்டிக்கொள்), அதில் நிறம் மோசமான ஒன்றை எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போனால், அங்கே இருந்த கிளார்க் ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல் அதை டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டு, "டீயில சர்க்கரையே இல்லையே" என்றார்.

"அது எங்க கிணத்துத் தண்ணி சார்" என்றேன். அதற்கப்புறம் எங்களுக்குள் சுமுகம் இல்லை.

"ரெக்கார்டுல அந்த இடம் தரிசு. குளமே கிடையாது" என்று சொல்லிவிட்டார். நேரில் வந்து பார்க்கச் சொல்லி ஒன்பது தடவை நடந்தேன். போன செவ்வாய்க்கிழமை ஒருவழியாக வந்தார். கொட்டிய மண்மேல் ஏறி, "கெட்டித் தரைய்யா இது" என்று காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். தரை அவரை இடுப்புவரை உள்ளே வாங்கிக்கொண்டது. லாரி டிரைவரும் நானும் கயிறு போட்டு இழுத்தோம். கரையேறியவர் உடம்பிலிருந்த சேற்றை வழித்துப் போட்டார். பிறகு மெதுவாக, "நீர்நிலைன்னே எழுதிக்கறேன்" என்றார். மறுநாள் தடை உத்தரவு வந்தது. லாரிகள் நின்றுவிட்டன.

இன்று காலை கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடி இன்னும் தெரியவில்லை; என் முகம் தெரிகிறது. பக்கத்தில் இன்னொரு முகத்துக்கு இடம் இருக்கிறது. நீ தண்ணீர் இறைக்கும்போது யாரையாவது திட்டிக்கொண்டே இறைப்பாய். அதே இடத்தில் நின்று நானும் முணுமுணுத்துப் பார்த்தேன். எனக்கு யாரையும் திட்டத் தோன்றவில்லை.

வருகிற வியாழக்கிழமை விசாரணை. இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வாழ்ந்த இன்னொருவர் நேரில் வந்து சாட்சி சொன்னால்தான் தடை நிலைக்கும் என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்காக வேண்டாம். மண்ணுக்காகவும் தண்ணீருக்காகவும் நீ புறப்பட்டு வரவேண்டும்.

பேத்திக்கு என் ஆசிகள், மருமகனுக்கு மரியாதை. மகளிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல், நம்பும்படி சொல்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்

பி.கு.: சாட்சிக்கு அந்த கிளார்க் ஒருவரே போதுமாம். அதிகாரி உன்னை வரச்சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.