இஸ்ரவேல் வாத்தியாரின் கொழும்புச் செக்கு

கொழும்பில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு சல்லிக்காசுகூட என்னை விட்டுப் போகக் கூடாது! ஐம்பத்திரண்டாம் வருஷம், தக்கலை பஸ் நிற்கிற இடத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நான் எடுத்த தீர்மானம் இது.

காரணம், என் மனைவி ஞானம். பெயர்தான் ஞானம். சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனால் கத்தரிக்காயும், அதை வைக்க ஒரு கூடையும், கூடைக்கு ஒரு மூடியும் வாங்கி வருபவள். அவளை இலங்கைக்குக் கூட்டிப் போக வேண்டும். அவளுடைய அண்ணன் யோவான், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளார்க்கு. மூத்த மகளுக்குக் கல்யாணம். அண்ணனும் தங்கையும் பார்த்துப் பதினாலு வருஷம் ஆயிற்று. போகாமல் முடியாது. ஆனால் கொழும்புக் கடைத்தெருவையும் ஞானத்தையும் என் இருநூறு ரூபாயையும் ஒரே இடத்தில் விட்டால் என்ன ஆகும்?

நான் சும்மா ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய் என்று எத்தனையோ பிள்ளைகளின் தலையில் ஏற்றியவன். திருவிதாங்கூர்ச் சக்கரம் ஒழிந்து மூன்று வருஷம் ஆகியும் என் தலைக்குள் அது சுற்றுவது நிற்கவில்லை. அப்படிப்பட்ட நான் திருவனந்தபுரம் போய், ஒரு பேங்கில் விசாரித்து, டிராவலர்ஸ் செக்கு என்கிற அதிசயத்தைக் கண்டுபிடித்தேன்.

என்ன அதிசயம்! இங்கே ஒரு கையெழுத்து. அங்கே, காசு கொடுக்கிறவன் கண் முன்னால் இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒன்றாக இருந்தால் பணம். திருடன் கொண்டுபோனால் அவனுக்கு வெறும் காகிதம். மனுஷன் மூளைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இருநூறு ரூபாயையும் செக்காக மாற்றி வீட்டுக்கு வந்தேன்.

"இது என்னதுங்க?" என்றாள் ஞானம்.

"டிராவலர்ஸ் செக்கு. ஒண்ணு பத்து ரூவா. இருபது தாள்."

"செக்கா? கிருஷ்ணமணி வீட்டுச் செக்குல எள்ளு போட்டா எண்ணெ வரும். இதுல என்னத்தப் போட்டா பைசா வரும்?"

"என் கையெழுத்து!"

"வாங்குகதுக்கு அங்க ஆளு வேண்டாமா?"

"பேங்கு வாங்கும்."

"பேங்கு பூட்டிக் கெடந்தா?"

"ஏட்டி, கொழும்பு எம்மாம் பெரிய பட்டணம்! அங்க போய் பேங்கைப் பூட்டுவானா?"

"பாதிய நோட்டா வச்சிக்கிடுங்க. தனுஷ்கோடியில கொஞ்சம் சிலோன் பைசாவா மாத்திக்கிடுங்க. மிச்சம் செக்கா இருந்துட்டுப் போட்டும். கையில பைசா இருந்தும் இல்லாத மாதிரி நிக்கப்பிடாது பாருங்க."

"கணக்கு வாத்தியாரு நானா நீயா?"

அவள் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அந்தச் சிரிப்புக்கே நான் பயந்திருக்க வேண்டும்.

அப்புறம் மூன்று நாள் உட்கார்ந்து ஓர் அட்டை தயாரித்தேன். நமக்கு ரூபாய்க்குப் பதினாறு அணா; அவர்களுக்கு ரூபாய்க்கு நூறு சென்ட். ஓர் அணாவுக்கு ஆறேகால் சென்ட், இரண்டணாவுக்குப் பன்னிரண்டரை என்று பதினாறு வரை கட்டம் போட்டு, சிவப்பு மையில் கோடிழுத்தேன். ஞானம் மீன் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"காலுக்கு இருபத்தஞ்சு, அரைக்கு அம்பது, முக்காலுக்கு எழுபத்தஞ்சு. நடுவுல உள்ளதுக்குப் பேரம் பேசணும். இதுக்கு எதுக்கு அட்டை?" என்றாள்.

நாங்கள் புறப்பட்டோம். தனுஷ்கோடியில் தண்டவாளம் நேரே கடலுக்குள் போவது மாதிரி இருந்தது. அதன் முனையில் கப்பல். முட்டத்துக் கடலை நூறு தடவை பார்த்த எனக்கே வாய் மூடவில்லை. தலைமன்னாரில் இறங்கி, ரயில் ஏறி, விடியும்போது கொழும்புக் கோட்டை ஸ்டேஷன். என்ன கட்டடம், என்ன கார்கள்! தெருவெல்லாம் காகித விளக்குகளும் கொடிகளும். என்னை வரவேற்கத்தான் கட்டியிருக்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

கையில் நோட்டாக மிஞ்சியிருந்தது ஒரே ஒரு இந்திய ரூபாய். டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் தமிழர்; இந்திய ரூபாயையும் வாங்கிக்கொள்வாராம்.

"டீ என்ன விலை?"

"பத்து சென்ட்."

திடுக்கிட்டேன். எங்கள் ஊரில் சென்ட் என்றால் நிலம். பத்து சென்ட் இருந்தால் வீடு கட்டிக் கிணறும் வெட்டலாம். இங்கே அதை ஒரே மடக்கில் குடிக்கிறார்கள்! டீ குடித்து, பன் தின்று, மூட்டை தூக்கியவனுக்கும் கொடுத்தபோது என் ரூபாய் முடிந்தது. கவலையில்லை. கம்பீரமாகப் பேங்குக்கு நடந்தேன்.

பேங்கு பூட்டிக் கிடந்தது.

தமிழ் தெரிந்த காவல்காரர் ஒருவர் வாசலில் இருந்தார். "இன்னிக்கு வெசாக், புத்தர் திருநாள். நாளைக்கும் லீவு. மறுநாள் ஞாயிறு. திங்கக்கிழமை வாங்க."

திங்கள் காலையில் அட்டனில் கல்யாணம். அட்டனுக்கு ரயில் டிக்கெட் வாங்கக் காசில்லை. என் சட்டைப்பையில் இருநூறு ரூபாய். நான் பிச்சைக்காரன்.

ஞானத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெரிய ஓட்டலுக்குள் நுழைந்தேன். காசாளர் செக்கை வாங்கிப் பார்த்து, "சைன் பண்ணுங்க" என்றார். பேனாவை எடுத்தேன். திருவனந்தபுரத்தில் போட்ட கையெழுத்து மயில் தோகை மாதிரி இருந்தது. பசியும் பயமும் சேர்ந்து இப்போது போட்டது, முட்டத்து மணலில் நண்டு ஓடிய மாதிரி வந்தது.

"இது வேற ஆள்" என்றார் காசாளர்.

"ரெண்டும் நான்தான்!"

"அதைப் பேங்கில சொல்லுங்க."

வெளியே வந்து டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். உச்சி வெயில். வயிறு கூப்பிட்டது. எதிரே ஒரு பந்தலில் நீண்ட வரிசை. போகிறவர் வருகிறவர் எல்லாரையும் கூப்பிட்டுச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். திருநாளுக்கு ஊரார் செய்கிற தானமாம். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்கள அம்மாள் என் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினாள். எந்த ஊர், எந்த வேதம், கையில் எந்த நாட்டுப் பணம் என்று ஒரு கேள்வி இல்லை. இலை நிறையச் சோறும் பருப்பும் வைத்தாள். பேங்கெல்லாம் பூட்டிய ஊரில் அடுப்பெல்லாம் எரிகிறதே! சோற்றை வாயில் வைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. காரம் என்று ஞானத்திடம் சொன்னேன்.

அவள் கை கழுவிவிட்டு வந்து அமைதியாகக் கேட்டாள். "உங்க ஜோலி எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது ஞானம். எல்லாமே முடிஞ்சுது. அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"சரி. அப்பம் வாருங்க."

எங்கள் ஊரில் 'அப்பம்' என்றால் 'அப்படியானால்' என்று அர்த்தம். கலக்கத்தில் எனக்கு அது தின்கிற அப்பமாகக் கேட்டது. இனி எங்கே அப்பம் வாங்கப் போகிறாள் என்று மலைத்துக்கொண்டே, டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிப் பின்னால் நடந்தேன். அவள் வழி கேட்டு, திரும்பி, மறுபடி கேட்டு, புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை முன்னால் நின்றாள். பாதிக் கதவு திறந்திருந்தது.

"மைதீன் காக்கா!" என்று கூப்பிட்டாள்.

காக்கா என்றால் அண்ணன். தக்கலையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பல்கீஸ் பீவியின் புருஷன் மைதீன் கனிதான் அது. கொழும்பில் கடை வைத்திருக்கிறார் என்று தெரியும். எந்தத் தெரு என்று நான் கேட்டதே இல்லை.

"வா தங்கச்சி, வா! அட, சாரையும் கூட்டியா வந்திருக்கே? கடுதாசியில ஒண்ணும் எழுதலியே!"

நான் பெட்டியை இறக்கினேன். நிமிர்ந்தேன். எதிரே கண்ணாடி அலமாரி. அதற்குள் வெள்ளை வெளேரென்று லேஸ். பூவும் கொடியும் மயிலுமாக, கடல் நுரையைப் பிடித்துக் காயவைத்த மாதிரி. ஒவ்வொன்றிலும் ஒரு விலைச்சீட்டு. மேலே ஒரு அட்டையில் 'தக்கலை லேஸ்' என்று எழுதியிருந்தது.

எனக்கு அந்த மயிலைத் தெரியும்.

மூன்று வருஷமாக மத்தியான வேளையில், மிஷன் அம்மாள் படிப்பித்த முறையில், தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை டக் டக்கென்று தட்டிக்கொண்டிருப்பாள் ஞானம். 'அந்தச் சத்தத்தை நிறுத்துட்டீ, மனுஷன் தூங்கண்டாமா?' என்று கத்தியிருக்கிறேன். அந்தச் சத்தம் இப்போது கொழும்பில் கண்ணாடிக்குள் கண்ணைப் பறித்துக்கொண்டு நிற்கிறது!

"சிங்கள அம்மாமாரு ரவிக்கைக் கழுத்துக்கு அள்ளிட்டுப் போறாங்க சாரே" என்றார் மைதீன் கனி. "துரைமார் வீட்டுப் பொம்பிளையளும் வாறாங்க. ஒவ்வொரு தடவையும் ஊருக்கு வரும்போது பைசா தாறேன்னு சொல்லுவேன். அங்கேயே இருக்கட்டும் காக்கா, என்னைக்காவது அண்ணனைப் பாக்க வருவேன்னு தங்கச்சி சொல்லிப்போடும்."

முன்னூற்றுப் பதினெட்டு ரூபாயை எடுத்து வைத்தார். அத்தனையும் இலங்கை ரூபாய். ஞானம் எண்ணினாள். அட்டை பார்க்கவில்லை. ரயிலுக்கு இவ்வளவு, மருமகள் மோதிரத்துக்கு இவ்வளவு என்று பிரித்து முந்தானையில் முடிந்தாள். கடைசியில் ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை என் கையில் வைத்தாள்.

"கைச்செலவுக்கு வச்சிக்கிடுங்க."

"கையெழுத்துப் போடணுமா?" என்றேன்.

"வேண்டாம். நமக்குள்ள என்ன?"

சாயங்காலம் காகித விளக்குகளை ஏற்றினார்கள். தாமரை, நட்சத்திரம், தேர் என்று தெருவே மிதந்தது. கூட்டத்தில் தொலைந்துபோகாமல் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நான் விளக்கைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். பதினாறு வருஷம் இவளை வைத்துக் குடித்தனம் நடத்தியவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேனே!

"ஏன் ஞானம் எங்கிட்ட சொல்லல?"

"மூணு வருஷத்துக்கு முன்னால சொன்னேன். நூல்ல என்னத்த பைசா வரும்னு கேட்டிய."

"சரி, புறப்படும்போதாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அதையும் செக்கா மாத்தியிருப்பிய."

அட்டனில் யோவான் அண்ணனும் அவளும் ஸ்டேஷனிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். "எங்கிட்ட ஒரு ரூவா வாங்காம தங்கச்சியக் கூட்டிட்டு வந்தியளே, மச்சான்! நீங்கதான் மச்சான்!" என்று அவர் என் முதுகில் தட்டினார். ஞானம் என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். கல்யாணத்தில் மருமகள் விரலில் மோதிரம் போட்டபோது, "எங்க வாத்தியாரு வாங்கினது" என்று எல்லாரிடமும் சொன்னாள். அதைக் கேட்டு நின்றதைவிட ஓட்டல் காசாளரிடமே பத்துத் திட்டு வாங்கியிருக்கலாம்.

திரும்பும் வழியில் கொழும்பில் பேங்கு திறந்திருந்தது. ஆனால் செக்குக்குத் தேவையே வரவில்லை. மிச்சப் பணத்தில் ஞானம் ஒரு தையல் மிஷின் வாங்கினாள். பேரம் பேசி இருபது ரூபாய் குறைத்தாள். நான் தூக்கினேன்.

தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி எங்களை நிறுத்தினார். நோட்டையும் பென்சிலையும் எடுத்து என்னைத்தான் கேட்டார். "யார் பொருள் இது?"

"என்னோடது" என்றாள் ஞானம்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "என்னென்ன கொண்டு வாறீங்க?"

"ஒரு பெட்டி, ஒரு பொட்டலம் தேயிலை, தையல் மிஷின் ஒண்ணு. பின்னே இவிய" என்று என்னையும் சுட்டிக் காட்டினாள்.

அதிகாரி மிஷினைச் சுற்றி வந்து வரியை எழுதினார். பிறகு என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு முறை பார்த்துவிட்டு, நோட்டை மூடினார்.

"பழசுக்கு வரி கிடையாதும்மா. கூட்டிட்டுப் போங்க."