'கிறது' பற்றிய துணைக்குழு

வாயைத் திறப்பது எல்லா உயிர்களுக்கும் கைவந்த கலை. வாயைத் திறப்பதற்கு ஏழு படிநிலைகள் வகுத்து, ஒவ்வொரு படியிலும் ஒரு துணைக்குழுவை உட்கார வைத்து, மனித குலத்தை அவசரம் என்னும் கொடிய நோயிலிருந்து காப்பாற்றிய பெருமை நிலவியல் அறிஞர் ஒன்றியத்துக்கே உண்டு. அது கடைசியாக வெளியிட்ட பொது அறிக்கை ஒரு நிலநடுக்கத்தைப் பற்றியது. இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டி, குடியேறி, இரண்டாம் முறை வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது அறிக்கை வந்தது. அதில் ஓர் எழுத்துப்பிழை கிடையாது.

அப்பேர்ப்பட்ட ஒன்றியத்தின் படிகளில்தான் மண் ஆய்வாளர் ஒரு திங்கட்கிழமை காலை மூச்சிரைக்க ஏறினாள். அவள் கையில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன.

'மலை நகர்கிறது. அடிவாரத்தில் இருப்போர் உடனே வெளியேற வேண்டும்.'

மலைச்சரிவில் அவள் முளைகள் அடித்துக் கயிறு கட்டியிருந்தாள். முந்தின வாரம் கயிறு விரலளவு இழுத்திருந்தது. இந்த வாரம் அறுந்தே போயிருந்தது. அடிவாரத்தில் நாற்பது வீடுகள். அதில் ஒன்றின் முன்னறையில் அவளுடைய தங்கை தையல் கடை வைத்திருந்தாள்.

"அக்கா, சின்ன வயசுல சுவத்துல கீறல் விட்டாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சவதானே நீ?" என்றாள் தங்கை தொலைபேசியில்.

"அது வேற, இது வேற. இது அளந்து பாத்ததுடி. கிளம்பு."

"நான் கிளம்பிடுவேன். மத்தவங்க? நகராட்சியில கேட்டா 'ஒன்றியம் சொல்லட்டும்'கறாங்க. 'எங்கக்கா சொன்னா'ன்னு நான் சொன்னா தெருவே சிரிக்கும். உங்க ஒன்றியம் முத்திரை குத்தி ஒரு தாள் குடுக்கட்டும். அதுவரைக்கும் இவங்கள விட்டுட்டு நான் மட்டும் வரமாட்டேன்."

தங்கையின் பிடிவாதம் மலையைவிடக் கெட்டி என்பது அக்காவுக்குத் தெரியும்.

ஒன்றியத் தலைவர் பெருந்தன்மை மிக்கவர். வழக்கமான பதினான்கு மாதங்களை ஒதுக்கிவைத்து, 'அதிவேக நடைமுறை'யின்படி மூன்றே நாளில் கூட்டத்தைக் கூட்டினார். வியாழக்கிழமை பத்து மணிக்கு வரைவு சுவரில் ஒளிர்ந்தது. செயலாளர் கணினியின் முன் விரல்களைச் சொடுக்கிக்கொண்டார். ஒன்றியத்தின் பொன்விதி எளிமையானது: ஒரு சொல்மீது யாராவது ஐயம் எழுப்பினால், துணைக்குழு முடிவு சொல்லும்வரை அந்தச் சொல் வரைவில் இருக்கக்கூடாது.

"'மலை'ன்னு போட்டிருக்கீங்க," என்றார் தலைவர். "அது மலையா, குன்றா?"

"மேல விழுந்தா ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"விழுந்த பிறகு அது மலையும் இல்ல, குன்றும் இல்ல. அதனாலதான் விழறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும்கறேன்."

இந்த ஆழத்தைக் கண்டு அவை மலைத்தது. 'மலை' நீக்கப்பட்டது.

"'இருப்போர்'னா வாடகைக்கு இருப்போரா, சொந்தமா இருப்போரா?" என்று கேட்டார் செயலாளர். அடிவாரமும் இருப்போரும் சேர்ந்து போனார்கள். 'உடனே' என்பது எத்தனை வினாடி என்று மண் ஆய்வாளரால் சொல்ல முடியவில்லை. அதுவும் போனது.

"'வெளியேற வேண்டும்' நமக்கு எதுக்கு?" என்றார் தலைவர். "நாம விஞ்ஞானிங்க. அது வேணும், இது வேணாம்னு சொல்றதெல்லாம் மாமியார் வேலை."

கடைசியாக எழுந்தவர் கூடும் பேராசிரியர். வாழ்நாளில் எதையும் உறுதியாகச் சொல்லாத உத்தமர் என்பதால் அந்தப் பெயர். பசித்தால்கூட மனைவியிடம் "எனக்குப் பசிக்கக்கூடும்" என்பார்.

"'நகர்கிறது'ங்கறது நிகழ்காலம். நீங்க அளந்தது திங்கக்கிழமை. இன்னைக்கு வியாழன். 'நகரக்கூடும்'னு போட்டா என்ன?"

"அப்ப 'நகர்ந்தது'ன்னு போடுங்க சார்!"

"அது இறந்தகாலம். வரலாற்று ஒன்றியம் கோவிச்சுக்கக்கூடும்."

'கிறது' பற்றி ஆராய மூவர் துணைக்குழு அமைந்தது. காலத்துக்கு இரண்டு மாதம் வீதம், மூன்று காலங்களையும் ஆராய ஆறு மாதம். செயலாளர் 'கிறது'வை அழித்துவிட்டு, விதிப்படி அன்றைய வரைவைத் தாளில் எடுத்து, மேலே ஒன்றியத்தின் பெயரும் கீழே முத்திரையும் விளங்க ஆளுக்கொன்று கொடுத்தார்.

நடுவில் ஒரே சொல் நின்றது: 'நகர்'.

மண் ஆய்வாளருக்கு வயிறு எரிந்தது. ஒன்றியம் பண்ணிவைத்த காரியத்தைத் தங்கையாவது பார்க்கட்டும் என்று தாளைப் படமெடுத்து அனுப்பினாள். 'பாத்தியா இந்த அநியாயத்த' என்று அடுத்து எழுதுவதற்குள் தலைவர் மேசையைத் தட்டினார்.

"கைபேசிய அணைச்சுடுங்க. முக்கியமான விஷயத்துக்கு வரோம்."

முக்கியமான விஷயம், இறுதி அறிக்கையில் முத்திரையை நீல மையில் குத்துவதா, ஊதா மையில் குத்துவதா என்பது. உணவு இடைவேளை இல்லாமல் மாலை நான்கு மணிவரை அது போயிற்று. அப்போது தூரத்தில் ஒரு பேரோசை. மேசையிலிருந்த தேநீர்க் கோப்பைகள் எந்தத் துணைக்குழுவின் ஒப்புதலும் இல்லாமல் நகர்ந்தன.

"லாரி போகக்கூடும்," என்றார் பேராசிரியர்.

மண் ஆய்வாளர் கைபேசியை உயிர்ப்பித்தாள். அவசரத்தில் இரண்டு முறை தவறான எண்ணை அழுத்தினாள். மூன்றாம் முறை தங்கையின் குரல் கேட்டது.

"எங்கடி இருக்க?"

"ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மைதானத்துல. நாப்பது வீடும் இங்கதான் இருக்கு. படுக்கையில கெடந்தவரக் கட்டிலோட தூக்கிட்டு வந்துட்டோம். அக்கா... தெரு இல்லக்கா. கடையும் இல்ல. எல்லாம் மண்ணு."

"எப்படி கிளம்பினாங்க?"

"நீதானே அனுப்புன! முத்திரையோட, ஒரே வார்த்தை. நகர்! 'நகருங்கள்'னு மரியாதையா எழுதக்கூட நேரமில்லன்னா ஆபத்து எவ்வளவு கிட்ட வந்திருக்கணும்? 'படிச்சவங்க ஒரே வார்த்தையில பேசி பாத்திருக்கீங்களா'ன்னுதான் கேட்டேன். அவ்வளவுதான், எல்லாரும் மூட்டையக் கட்டிட்டாங்க. தமிழ் வாத்தியார் மட்டும் 'நகர்னா ஊருன்னும் அர்த்தம் உண்டு'ன்னு நின்னாரு. 'அப்ப ஊரே நகரட்டும்'னு அவரையும் இழுத்துட்டு வந்தேன்."

மண் ஆய்வாளர் அத்தனை அறிஞர்கள் முன்னிலையிலும் விக்கி விக்கி அழுதாள். அழுகையின் நடுவே சிரிப்பும் வந்துவிட்டது. இது குறிப்பேட்டில் 'ஒழுங்கீனம்' என்று பதிவாயிற்று.

மறுநாள் காலை ஒன்றியம் அவசரமாகக் கூடியது. உயிர் பிழைத்தவர்கள் மைதானத்தில் ஒன்றியத்தை வாழ்த்திக்கொண்டிருக்க, ஒன்றியம் தன் வரலாற்றின் அடுத்த பொது அறிக்கையை வெளியிட்டது.

'ஒப்புதல் பெறாத வரைவு வெளியே கசிந்ததை ஒன்றியம் வன்மையாகக் கண்டிக்கிறது. மண் ஆய்வாளர் உடனே வெளியேற வேண்டும்.'

'கிறது' எந்தக் காலம் என்று யாரும் கேட்கவில்லை. 'உடனே' எத்தனை வினாடி என்று யாரும் கேட்கவில்லை. மாமியார் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஏழு படிகளையும் ஒன்றியம் பதினோரு நிமிடத்தில் ஏறி முடித்தது. முதலில் கை தூக்கியவர் பேராசிரியர்.

மண் ஆய்வாளர் அறிக்கையை வாங்கி, வாசலில் நின்று, ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தாள். அதில் ஒரு 'கூடும்' கூட இல்லை.