பதினேழாவது நிமிஷத்து யானை

அந்தப் பழைய ஹாலிவுட் காட்டுப் படத்தை நாற்பது தடவை பார்த்தும் கதாநாயகன் முகம் ஞாபகமில்லாத ஒரே மனிதர், உலகத்திலேயே, எங்கள் கம்பவுண்டர்தான். கதாநாயகியைக் கேட்டால், "குதிர மேல குந்திக்கினு வருமே, அந்தப் பொண்ணா?" என்பார். குதிரைக்கு லாடம் தேய்ந்திருப்பதைக் கால் மணி நேரம் விளக்குவார். பெண்ணைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

கெடார் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் அவருக்கு வேலை. எனக்கு விழுப்புரத்தில் உரக்கடையில். இரண்டு பேரும் திண்டிவனத்தில் ஒரே பஸ் பிடிப்போம். உட்கார்ந்ததும் போனில் படத்தைப் போட்டுவிடுவார். தமிழ் டப்பிங், முழுச் சத்தம். கூட்டேரிப்பட்டில் யானை வரும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் சிங்கம் கர்ஜிக்கும்.

"யோவ் கம்பவுண்டரே, சவுண்ட கொறய்யா! சிங்கம் கத்துதுன்னு பின்னாடி கொழந்த அழுவுது" என்பார் கண்டக்டர்.

"அது கத்தலப்பா. தொண்ட கட்டிக்கினு கீது. பாவம், வயசான சிங்கம்."

யூடியூபில் அந்தப் படத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கான கருத்துகள். 'சூப்பர் படம்.' 'எங்கப்பா கூட டென்ட் கொட்டாயில பார்த்தேன்.' 'இப்ப யாரெல்லாம் பாக்குறீங்க?' நடுவில் நம் கம்பவுண்டர்: 'முதலை ரப்பர். சிங்கத்துக்குக் கடைவாய்ப் பல் இல்லை. யானை நம்மூர் யானை, பெரிய காது ஒட்டியிருக்கிறார்கள். பதினேழாவது நிமிஷம் நொண்டுகிறது. வலது பின்னங்கால். யாராவது கவனித்தீர்களா?'

யாரும் கவனிக்கவில்லை. ஒரே ஒரு லைக் விழுந்திருந்தது. அதுவும் அவரே போட்டுக்கொண்டது.

அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், ஒரு தபா பாத்துட்டு சொல்லுங்க சார். நொண்டுதா, இல்லியா?" தினமும் கேட்பார். தன் போனையே நீட்டுவார், நான் ஜன்னலோரம் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன். எனக்குப் பழைய படம் என்றாலே ஆகாது. ஒருநாள் முதலாளியிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்ட கடுப்பில் சொல்லிவிட்டேன்: "ராத்திரி வீட்ல பாத்துட்டேண்ணே. நல்லாத்தான் நடக்குது. ஒண்ணும் நொண்டல."

"நல்லா பாத்தீங்களா?"

"ரெண்டு தடவ பாத்தேன்."

ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவர் போனை அணைத்துப் பையில் வைத்தார். டோல்கேட்டில் சிங்கம் கத்தாததைப் பார்த்து, "இன்னா கம்பவுண்டரே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கண்டக்டரே வந்து விசாரித்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மாட்டை நாலடி நடக்கவிட்டு, எந்தக் குளம்பில் முள் என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். டாக்டரே முதலில் அவரைத்தான் கூப்பிடுவாராம். அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பார்வை. அதில்தான் கைவைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் புதுக் கண்ணாடியோடு வந்தார். அதற்கடுத்த மாதம் இன்னொன்று. பிறகு பஸ்ஸில் ஆளையே காணோம்.

"தெரியாதா சார்? வேலைய உட்டுட்டாரு" என்றார் கண்டக்டர். "கண்ணு பூடுச்சாம். கண் டாக்டரு ஒண்ணும் இல்லன்றாராம், இவரு நம்பல. நல்லா நடக்கற யானைய நொண்டுதுன்னு பாத்தாராம். நாளைக்கு ஒருத்தன் மாட்டுக்கு தப்பா சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு பயந்துட்டாரு."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் படத்தைப் போட்டேன். பதினேழாவது நிமிஷம் புதரிலிருந்து யானை வந்தது. நாலடி வைத்தது. வலது பின்னங்காலை ஊன்ற முடியவில்லை. பசுவுக்கும் எருமைக்குமே வித்தியாசம் தெரியாத எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கி நான் பாக்கவே இல்ல. பொய் சொல்லிட்டேன். யானை நொண்டுதுண்ணே."

சிரித்தார். "எனக்கோசரம் சொல்றீங்க சார். நல்ல மனசு உங்களுக்கு."

"சத்தியமாண்ணே! இதோ பாருங்க." போனை நீட்டினேன். வாங்கவில்லை.

"நான் பாத்து இன்னா சார்? என் கண்ணுக்கு அது நொண்டத்தான் செய்யும். நீங்க படிச்சவரு, ரெண்டு தபா பாத்தேன்னீங்க. பொய்யா சொல்வீங்க?" என்று உள்ளே திரும்பி எனக்கு டீ போடச் சொன்னார்.

டீயைக் குடித்துவிட்டு எழுந்து நடந்தேன். நாலடி வைத்திருப்பேன்.

"சார், எடது கால்ல செருப்பு கடிக்குதா?"

கடித்துத்தான் இருந்தது. புதுச் செருப்பு, சுண்டுவிரலில் கொப்புளம். "பாத்தீங்களாண்ணே! உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆவல!" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன்.

கம்பவுண்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "போதும் சார். எனக்கோசரம் நொண்டி வேற காட்டணுமா?"

ஒரு தடவை வாயில் வந்த பொய்யை நம்பியவர், கொப்புளத்தை நம்ப மறுக்கிறார். இப்போதெல்லாம் டோல்கேட் வந்தால் அந்தத் தொண்டை கட்டின சிங்கத்தைக் காது தேடுகிறது. அதனால் உங்களை ஒன்று கேட்கிறேன். படத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எல்லோரும் கதாநாயகனைப் புகழ்கிற இடத்தில் ஒருவர் மட்டும் யானையின் காலைப் பற்றி எழுதியிருப்பார். படத்தைப் பார்த்துவிட்டு, அவர் எழுதியதற்குக் கீழே ஒரு 'ஆமாம்' போடுங்கள். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார்.