பட்டை மேலா, கீழா?

மார்ச் 2: பழைய இயங்குதளம் அழிப்பு.
மார்ச் 3: முகப்பு ஒன்று. ஆயுள் நான்கு நாள்.
மார்ச் 7: முகப்பு இரண்டு. ஆயுள் ஒரு நாள்.
மார்ச் 8: முகப்பு மூன்று. ஆயுள் ஏழு நாள்.
மார்ச் 15: முகப்பு நான்கு. ஆயுள் பதினொரு நாள்.
மார்ச் 26: முகப்பு ஐந்து.
மார்ச் 31: விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்.
ஆக முகப்புகள் 5. சுவர்ப்படங்கள் 41. விண்ணப்பத்தில் தட்டச்சான வரிகள் 1.

மேலே கண்டவை முகப்புமாற்றி என்னும் மனித இனத்தின் நடமாட்டக் குறிப்புகள். இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கணினியில், யாரும் இலவசமாக எடுத்துத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல இயங்குதளத்துக்கு மாறிய மறுநாளே நடையில் ஒரு மிடுக்கு வந்துவிடும். அந்த உலகத்தில் திரைக்கு ஒரே முகம் கிடையாது. பட்டியல் எந்த மூலையில் திறக்க வேண்டும், திறந்த ஜன்னல்கள் வரிசையாக நிற்கும் பட்டை மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா, மூடுகிற ஜன்னல் சுருங்க வேண்டுமா கரைய வேண்டுமா என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் தீர்மானித்த முகப்புகள் ஒரு டஜனுக்கு மேல் உண்டு. பிடித்ததை நிறுவிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். பார்க்கலாம்தான். ஆனால் முகப்புமாற்றிக்குப் பிடிப்பது எப்போதும் அடுத்தது.

நம்முடைய முகப்புமாற்றியின் மனைவி ஒரு செவிலி. ஒன்பது வருடமாக வேலைக்கு இரண்டு பேருந்து மாறி, போக ஒன்றே முக்கால் மணி, வர இரண்டு மணி. வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்து மருத்துவமனையில் ஓர் இடம் காலியானபோது, முழங்கால் வலி பாதி அப்போதே குறைந்தது போலிருந்தது அவளுக்கு. இடமாறுதல் கேட்டு வேறு யாரும் எழுதவில்லை என்றும் விசாரித்து வைத்திருந்தாள். எடுத்த பேனாவைத் தடுத்தது யார்?

"கையால எழுதினா எவன் மதிப்பான்? பளிச்சுனு அடிச்சு நானே தரேன். புது சிஸ்டம் வேற போட்டிருக்கேன்."

நம்பினாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

முகப்புமாற்றி சும்மா இருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் படும் பாடு யாரும் படுவதில்லை. முகப்பு ஒன்றில் பட்டை மேலே இருந்தது, கழுத்து வலித்தது. இரண்டில் கீழே இருந்தது. பழைய வாழ்க்கை ஞாபகம் வந்தது. மூன்றில் எல்லாம் சரி, சரியாக இருப்பதே உறுத்தியது. ஒவ்வொன்றிலும் விண்ணப்பத்தைத் திறந்து, 'மதிப்பிற்குரிய ஐயா' என்ற முதல் வரி எடுப்பாகத் தெரிகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். ஐயா நாலு வாரமாக மதிப்போடு காத்திருந்தார்.

மனைவியின் அண்ணனும் இதே இனம். தொலைபேசியில் நலம் விசாரிக்கிற வழக்கமெல்லாம் இல்லை.

"மாப்பிள்ளை, இன்னுமா நாலாவதையே வச்சிருக்கீங்க?"

"ஏன் மச்சான், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கும். மெமரி எவ்வளவு தின்னுதுன்னு பாத்தீங்களா?"

அதுவரை பார்க்கவில்லை. பார்த்தார். போயிற்று.

"அண்ணா, அந்த லெட்டரை முடிக்கச் சொல்லேன்," என்று அவள் போனைப் பிடுங்கிக் கேட்டாள்.

"முடிச்சிடுவாரும்மா. அடித்தளம் கெட்டியா இருக்கணும்ல?"

மார்ச் 31. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். திரையில் மலை, ஏரி, மூடுபனி. நாற்பத்தோராவது படம்.

"லெட்டர் எங்கங்க?"

"ஒரே நிமிஷம். இந்த ஜன்னலோட மூலையை மட்டும் கொஞ்சம் வளைச்சிடறேன்."

"அஞ்சு மணிக்கு ஆபீஸை மூடிடுவாங்க!"

"அதான் சொல்றேன், அவசரத்துல பண்ணா அசிங்கமா வரும்."

அவள் பணிப்பட்டியல் எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், சாப்பாட்டு மேசையில் குனிந்து பதினொரு வரி எழுதினாள். ஆறு நிமிடம் ஆனது. "கோடு போட்ட தாளிலயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவிலிருந்த அலுவலகத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து பத்து. கதவில் பூட்டு. மறுநாள் காலை கொடுத்தாள். ஏப்ரல் 1 என்று முத்திரை குத்தினார்கள். அந்தத் தேதியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். சரி. புது நோட்டு வந்தால் எழுதலாம், அலமாரியை அடுக்கிவிட்டுப் படிக்கலாம், நல்ல காலணி கிடைத்ததும் நடக்கப் போகலாம் என்று எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? உங்களிடம் கணினியே இல்லையா? பரவாயில்லை, இந்த இனத்துக்கு அது கட்டாயமில்லை. உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் செருப்போடு நின்றுகொண்டு கேட்டால் போதும்.

விண்ணப்பம் ஒரு நாள் தாமதமாகக் கிடைத்ததால் பரிசீலிக்க இயலாது, அடுத்த வாய்ப்பு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு என்று பதில் வந்தது. அவள் படித்துவிட்டு மேசைமேல் வைத்தாள். அவர் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முறை பார்த்தார். பிறகு, "என்ன எழுத்துரு இது? ரொம்ப நல்லா இருக்கே," என்றார்.

மே 6: பதில் கடிதம் வந்த நாள்.