பாலத்தடி அருவி

பாலத்தோரம் போகும் குழாய் உடைந்து, ஆளுயரத்துக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டியது. பேரூராட்சிப் பொறியாளர் பால்வண்ணநாதன் போய்ச் சேர்வதற்குள் அடியில் பதினைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். மெயினருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை. வேன் பிடித்து வந்தவர்கள் நனையாமல் ஊர் திரும்புவார்களா?

நாளை மறுநாள் மாவட்டத்திலிருந்து ஆய்வு. குடிநீர் இப்படி வீணாவதைப் பார்த்தால் புதுக் குழாய்களுக்கான நிதி போய்விடும். கூடவே பால்வண்ணநாதனின் பதவி உயர்வும் போய்விடும்.

உடைப்பை அடைக்க ஒப்பந்தக்காரர் முன்பணம் கேட்டார். பேரூராட்சியில் பணம் இல்லை. 'இங்கே குளிக்கக் கூடாது' என்று பலகை வைத்தார் பால்வண்ணநாதன். பலகையே இருக்கிறதென்றால் நிஜ அருவிதான் என்று இன்னும் ஆறு வேன்கள் நின்றன. எண்ணெய் மசாஜ் போடுகிறவர் பலகைக்கு அடியிலேயே பெஞ்சைப் போட்டுவிட்டார்.

அப்போதுதான் பால்வண்ணநாதனின் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் ஏதாவது கெட்டுப்போகும் என்பது அவருக்கே தெரியும். ஆளுக்குப் பத்து ரூபாய் வசூலித்து, அதிலேயே குழாயை மாற்றிவிடலாம் என்று தலைவி கோமதியம்மாளிடம் சொன்னார். மறுநாள் மாலைக்குள் பணம் சேர்ந்தது. தலைவிதான் மாற்ற விடவில்லை.

"வருமானம் வருதுல்லா தம்பி, கெடக்கட்டும். வீட்டுவரிகூட இப்படி வசூலானதில்ல."

பதவி உயர்வுதான் போயிற்று, குளியலாவது மிஞ்சட்டும் என்று பால்வண்ணநாதனும் இறங்கினார். வாய் நிறையக் கொப்பளித்து ஆனந்தமாகக் குளித்தார். மூலிகைத் தண்ணீர், உடம்புக்கு நல்லது என்று மாமியாருக்கு ஒரு குடம் பிடித்தும் அனுப்பினார்.

ஆய்வு நாள் காலையில், அதிகாரி வருவதற்குள் அருவியை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. வால்வு திறப்பவரான சொரிமுத்துவைக் கூப்பிட்டு, ரகசியமாகக் குடிநீர்த் தொட்டியின் வால்வை மூடச் சொன்னார். ஊர் முழுக்கக் குழாய் வறண்டது. பெண்கள் காலிக் குடங்களோடு அலுவலகத்தைச் சுற்றி வளைத்தார்கள். அருவி மட்டும் முன்னைவிட ஜோராக விழுந்தது.

அந்த நேரத்தில் பாலத்தடியில் ஜீப் வந்து நின்றது. ஆய்வு அதிகாரி இறங்கினார், பார்த்தார், டிரைவரிடம் துண்டை வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

பால்வண்ணநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணாச்சி, வால்வச் சரியாத்தான் அடைச்சியளா?"

"அடைச்சாச்சு சார், கவலப்படாதீய," என்றார் சொரிமுத்து. "நம்ம குடிதண்ணி ஒரு சொட்டுகூட வீணாகல. இது லாட்ஜு கக்கூஸ் தண்ணிய வடிகட்டி விடுத குழாய்லா."