உடைந்த கரைக்கு வந்த அடிக்கல்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளம் என்றால் கரை இருக்க வேண்டுமில்லையா, அதுவும் இருந்தது. போன மழையில் நடுவே ஒரு யானை கால் நீட்டிப் படுக்கிற அகலத்துக்குப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்த உடைப்புக்கு நேர் கீழே செவந்தி என்ற முயல் குடியிருந்தாள். போன வெள்ளத்தில் வளை போயிற்று, சேர்த்து வைத்த கிழங்கு போயிற்று. மேட்டுப் பக்கம் போகலாம் என்றால் எல்லாம் பாறை, தோண்ட வழியில்லை. பழைய இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி வளை தோண்டினாள். இப்போது வயிற்றில் குட்டிகள் வேறே. அடுத்த மழைக்குள் உடைப்பை அடைத்துவிட வேண்டும். அவளுக்கு வேறு கவலையே கிடையாது.

சிங்க ராஜா நல்ல ராஜா. வெள்ளம் வந்தபோது எட்டிப் பார்க்கவில்லையே தவிர, வடிந்ததும் நிவாரண மானியம் அனுப்பிவிட்டார். கரையைக் கட்டிக்கொள்ளுங்கள், மழைக்குப் பிறகு கரடி ஆபீசர் வந்து பார்ப்பார் என்று சேதி. பணத்தை ஊர்த் தலைவர் யானை வாங்கி வைத்தார். நரி காண்டிராக்ட் எடுத்தது. முயலுக்குப் பக்கத்தில் நரியா என்று பதறாதீர்கள். காண்டிராக்ட் எடுத்த நாளிலிருந்து அந்த நரிக்கு முயல் ருசிப்பதில்லை.

நரி எல்லாரையும் கூட்டி வைத்து, அடிக்கல் நாட்டாமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது, அதுதான் முறை என்றது. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். கல்லில் யார் யார் பேர் என்று பேச்சு வந்ததும் ஆட்டின தலையெல்லாம் நின்றுவிட்டது.

தலைமை, யானை. அதில் தகராறு இல்லை. முன்னிலை என்று மயில் பேரை வெட்டினார்கள். உடனே பெருச்சாளி எழுந்து, முருகனுக்கு அண்ணன் யார் என்று கேட்டது. அண்ணனைச் சுமக்கிறவன் பின்னாலும் தம்பியைச் சுமக்கிறவன் முன்னாலுமா என்றது. கேள்வி நியாயம்தானே. அந்தக் கல்லைத் தள்ளிப் போட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் ஒரே வரிசையில் இடம் வருகிற மாதிரி அகலமாக வேறு கல் வெட்டினார்கள். காக்கை வந்து, அமாவாசைக்குக் கூவிக் கூவிக் கூப்பிடத் தெரிகிறது, கல்லில் போடத் தெரியவில்லையா என்றது. அதற்கு இன்னும் உயரமாக ஒரு கல். கல்லை இழுத்து வந்த கழுதை ஒன்றுமே கேட்கவில்லை. பாதி வழியில் நின்றுகொண்டது. நன்றியுரை என்று கடைசியில் அதன் பேரையும் வெட்டின பிறகுதான் காலை எடுத்து வைத்தது.

செவந்தி தினம் வந்து நிற்பாள்.

"தலைவரே, மண்ணு எப்ப அடிப்பீங்க?"

"மண்ணுக்கு என்ன தாயி அவசரம், அது எங்க ஓடிறப் போகுது. பேரு தப்பா விழுந்திட்டா அழிக்க முடியுமா, நீயே சொல்லு."

நரி ஊடே வந்தது. "அக்கா, பயனாளின்னு ஒங்க பேரையும் போட்டுருவமா?"

"வேண்டாம் தம்பி. கல்லு இன்னும் பெருக்கும். அப்புறம் வைக்க எடமில்லைன்னு எங்க வளை மேலயே வச்சிருவீங்க."

கல் கரையில் வந்து நின்றபோது யானையே அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. மானியம் கல்லில் தீர்ந்தது, மீதி மாலையிலும் கேசரியிலும் தீர்ந்தது. மண்ணுக்கு ஒன்றுமில்லை.

விழா நாளும் வந்தது. வரவேற்புரை பாதியில் இருக்கும்போதே வானம் கறுத்துவிட்டது. மழை என்றால் அப்படி ஒரு மழை. குளம் மளமளவென்று ஏறி உடைப்பின் வாயைத் தொட்டது. பந்தலில் இருந்தவர்கள் கேசரி இலையோடு மேட்டுக்குக் கிளம்பினார்கள்.

செவந்தி கிளம்பவில்லை. கீழே ஈன்று நாலு நாள்கூட ஆகாத, கண் திறக்காத குட்டிகள். இருப்பது ஒரு வாய், அதில் எத்தனையைக் கவ்வ? நேரே தலைவர் முன்னால் போய் நின்றாள். காப்பாற்றுங்கள் என்று சொல்லவில்லை. அதைத்தான் தினமும் சொல்லிப் பார்த்துவிட்டாளே.

"தலைவரே, கல்லு நிக்கிற எடம் சரியில்ல. மரம் மறைக்குது, யாரு படிப்பா? அந்த உடைப்புக்குள்ள நிறுத்துனா கீழ்த் தடத்துல போறவன் வாறவன் ஒருத்தன் ஒங்க பேரைப் படிக்காமப் போக முடியாது."

தலைவர் நின்றார். மயில் திரும்பி வந்தது. மயில் வந்தால் பெருச்சாளி சும்மா இருக்குமா, அதுவும் வந்தது. காக்கை வந்தது, கழுதை வந்தது. மண் சுமக்கச் சொன்னால் இடுப்பு வலி என்று படுத்துவிடுகிறவர்கள்தான், கொட்டுகிற மழையில் முக்கி முனகித் தள்ளினார்கள். கல் சாய்ந்து, புரண்டு, உடைப்பில் போய் ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. ஓரத்தில் கசிந்ததைச் செவந்தி காலால் மண் தள்ளி அடைத்தாள். வளைக்குள் ஒரு குட்டிக்குக்கூட மீசை நனையவில்லை.

ஒரே ஒரு குறைதான். கல் தலைகீழாக விழுந்திருந்தது. உச்சியில் கழுதை, அடியில் சகதிக்குள் தலைவர். எழுத்து நேராகத் தெரிந்தது வௌவாலுக்கு மட்டும். உச்சியில் பேர் இருக்கிறவர்தான் தலைமை என்று கழுதைக்கு அன்று சாயங்காலம் யாரோ மாலை போட்டுவிட்டார்கள்.

மழை விட்டதும் கரடி ஆபீசர் வந்தார். கரை மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். உடைப்பு இல்லை, தண்ணீர் நிற்கிறது, பணமும் மிச்சமில்லை. அடிக்கல்லை அடியில் போட்டே வேலையை முடித்த ஊரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மெச்சிவிட்டு, மற்ற காடுகளும் இப்படியே செய்யட்டும் என்று ராஜாவுக்கு எழுதிப் போட்டார்.

மறு வருஷம் கரையின் தென்கோடியில் ஒரு விரிசல் விட்டது. செவந்தி மனுக் கொடுக்கவில்லை. நேரே மயில் இருக்கிற மரத்தடிக்குப் போனாள்.

"அண்ணாச்சி, தெக்கால ஒரு கல்லு நாட்டணும்னு பேச்சு அடிபடுது. தலைமை நீங்கதானாமே?"

கேட்டுவிட்டு, அப்படியே பெருச்சாளி வீட்டுப் பக்கமும் நடையைக் கட்டினாள்.

நீதி: உடைந்த கரைக்கு மண் கேட்டு அலையாதே. பேர் போட நாலு பேரைச் சேர்த்துவிடு, கல் தானாகப் பெருக்கும்.